ஆறு வளாகத்துக்கும் ஒரே பராமரிப்புப் பிரிவு: ஆட்கள் ஒட்ட மாட்டேங்காங்க, யோசனை சொல்லுங்க

பாளைப் பராமரிப்பு எழுதியது:

வணக்கம். பாளையங்கோட்டையில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கல்வி அறக்கட்டளையில் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பாளை, அம்பாசமுத்திரம் (அம்பை), தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர், திசையன்விளை என்று ஆறு வளாகம். நாலில் விடுதியும் உண்டு. எலக்ட்ரீஷியன், பிளம்பர், மோட்டார் போடுகிறவர், துப்புரவு, வாட்ச்மேன் எல்லாரும் சேர்த்து 61 பேர்.

போன வருஷம் வரைக்கும் ஒவ்வொரு ஊரும் தனித்தனி. ஒரே 9 வாட் பல்பை ஆறு ஊரில் ஆறு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். அதுகூடப் பரவாயில்லை. கோடையில் திசையன்விளையில் மோட்டார் எரிந்து மூன்று நாள் விடுதிப் பிள்ளைகளுக்கு லாரித் தண்ணீர் அடித்தோம். நாலாம் நாள்தான் தெரிந்தது, அம்பை ஸ்டோரில் அதே 5 எச்பி மோட்டார் ஒன்று ரீவைண்ட் பண்ணி, சாக்கு மூடி, சும்மா கிடந்தது. பிள்ளைகள் குளிக்கத் தண்ணியில்லாமல் நின்றதை நான் நேரில் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நிர்வாகத்திடம் போய்ப் பேசி, ஜூன் 1 முதல் எல்லாவற்றையும் ஒன்றாக்கினோம். பாளையில் பொது ஸ்டோர், இரண்டு வண்டி, போனில் புகார் பதிய ஒரு ஆப், ஆறு வளாகத்துக்கும் ஒரே வருடாந்திர அட்டவணை.

பாளையும் சங்கரன்கோவிலும் ஓரளவு ஓடுகின்றன. அம்பையில் இருந்து மூன்று மாசத்தில் ஆப்பில் வந்த புகார் 4. அங்கே ஒன்றும் பழுதாகவில்லை என்று அர்த்தமில்லை, பழையபடி எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். வள்ளியூரில் கூப்பிட்டால் வருகிறார்கள், சொன்னதைச் செய்கிறார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச்சில்லை.

தென்காசியில் நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். ஜூலை மூன்றாவது வாரம் சாரல் விடாமல் பெய்தது. நூலகச் சுவரில் தண்ணீர் இறங்கி சுவிட்ச் போர்டு வரை வந்துவிட்டது. தலைமையாசிரியை மெயினை ஆஃப் பண்ணிவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் போய் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி நிற்கிறது. வடிகால் வாயில் கையை விட்டேன். வேப்பிலைச் சகதி, அதற்கடியில் ஒரு டென்னிஸ் பந்து, அளவெடுத்து அடைத்த மாதிரி. பந்தை எடுத்ததும் மாடித் தண்ணீர் முழுக்கக் குழாயில் இரைந்துகொண்டு இறங்கியது.

என் அட்டவணையில் ஆறு வளாகத்துக்கும் மொட்டைமாடி வடிகால் சுத்தம் செப்டம்பர் என்று போட்டிருந்தேன். பாளைக்கு அது சரி, எங்களுக்கு மழை ஐப்பசியில். தென்காசிக்கு ஆனி, ஆடியிலேயே சாரல். இந்தச் சீமையிலேயே பிறந்து வளர்ந்த நான் இதைப் போட்டிருக்கிறேன்.

அங்கே எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்கு 57 வயது. "வருஷா வருஷம் நீங்கதான சுத்தம் பண்ணுவிய அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ஆமா, வைகாசிக் கடைசில பண்ணிருவேன். இந்த வருஷம் செப்டம்பர்னு சீட்டு வந்துச்சுல்லா" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பாளையில் ஹாலில் வைத்து, சாப்பாடு போட்டு, இரண்டு தடவை பயிற்சி கொடுத்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள். என்ன செய்திருக்கணும்? இப்போது என்ன செய்யணும்? பல ஊர்க் கட்டடங்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடி ஸ்டோர் எழுதியது:

போனில் வரும் புகாரை எடுக்காதீங்க. ஆப்பில் பதியாத வேலைக்கு ஸ்டோரில் இருந்து ஒரு ஸ்க்ரூகூடப் போகக்கூடாது. ஒரே மாசத்தில் வழிக்கு வருவாங்க. எங்க கம்பெனியில் அப்படித்தான் செய்தோம்.

மின்பணி வள்ளியூர் எழுதியது:

நீங்க மேலிருந்து பார்த்துக் கேட்கிறீங்க, நான் கீழிருந்து சொல்லுதேன். நானும் இந்த மாதிரி மாற்றத்துக்குள்ள போய் வந்த ஆள்தான். வேற கம்பெனி, நாலு கட்டடம்.

முதல்ல, ஆப்பை யார் போனில் ஏத்தச் சொன்னீங்க? எங்க சொந்தப் போன்ல. நெட்டுக்கு நாங்களே காசு போட்டோம். இடம் பத்தாம என் மகள் பிறந்தநாள் வீடியோவை அழிச்சுட்டுத்தான் அதை ஏத்தினேன். அதை யாரும் கேட்கல.

இரண்டாவது, ஆப்ல புகார் எண்ணிக்கை யார் யாருக்குத் தெரியுது? எங்க இடத்துல மாசக் கூட்டத்துல திரையில போட்டாங்க. எந்தக் கட்டடத்துல புகார் அதிகமோ அது சிவப்பு. எங்க மேனேஜர் வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே சின்னச் சின்னதை எல்லாம் ஏத்தாதீங்கப்பா". அதோட முடிஞ்சுது. புகார் பதிஞ்சா நமக்குக் கெட்ட பேருன்னு ஆன பிறகு எவன் பதிவான்? உங்க அம்பைக்காரங்க 4ல நிக்கிறதுக்கு இது காரணமான்னு பாருங்க.

மூணாவது, இதைத்தான் யாரும் வாயைத் திறந்து கேட்கமாட்டாங்க. எல்லாத்தையும் ஒண்ணாக்குறாங்கன்னா அடுத்து கான்ட்ராக்டுக்கு விடப்போறாங்கன்னுதான் எங்களுக்குப் படும். இத்தனை வருஷ சர்வீஸ் என்ன ஆகும், வேலையை விட்டுப் போகும்போது வர்ற கிராஜுவிட்டி என்ன ஆகும்? அதுக்குப் பதில் தெரியாம நான் எதுக்கு என் வேலை நுணுக்கத்தை எல்லாம் ஒரு ஆப்ல எழுதிக் கொடுக்கணும்? எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு யார் வந்தாலும் அதைப் பார்த்துச் செஞ்சிரலாமே. தென்காசி அண்ணாச்சி வடிகாலைப் பத்திச் சொல்லாம இருந்தது வன்மம் இல்ல மேடம். சொல்ல ஒரு இடம் இருக்குன்னு அவருக்குத் தோணல, அவ்வளவுதான்.

பொருநைக்கரை எழுதியது:

தங்கச்சி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். 31 வருஷம் கட்டடப் பராமரிப்பில் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். கடைசிப் பதினோரு வருஷம் ஒரு மருத்துவமனைக் குழுமம், நெல்லை, தூத்துக்குடி, குமரி மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 9 கட்டடம். நீ இப்போது செய்வதை நான் அங்கே செய்தேன், நீ விட்ட தப்பை எல்லாம் நானும் விட்டேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். நாங்கள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு குறியீடு போட்டு ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரு கட்டடத்தில் இரண்டு மோட்டார். ஒன்று ஆத்துத் தண்ணீர், மற்றது போர்வெல் தண்ணீர். அங்கே உள்ளவர்கள் ஆத்து மோட்டாரை 'பெரியவன்' என்பார்கள், போர் மோட்டாரை 'சின்னவன்'. எங்கள் பட்டியலில் போர்தான் மோட்டார் 1, ஆத்து மோட்டார் 2. ராத்திரி வேலையில் இருந்த பையன் சின்னவன் ஓடவில்லை என்றதும் 'மோட்டார் 2' என்று பதிந்துவிட்டான். சின்னவன்தானே இரண்டாவது, அவன் கணக்கு அப்படி. வண்டி 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி வைத்தது. விடியற்காலை டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு முடிவெடுத்தேன்: குறியீடு எங்கள் கணக்குக்கு, பெயர் அவர்கள் வாய்க்கு. ஆப்பில் 'பெரியவன், ஆத்துத் தண்ணி' என்றே ஏற்றினோம். மோட்டார் ரூம் சுவரிலும் அதே பெயரைப் பெயின்டில் எழுதினோம். நீயும் ஆறு வளாகத்தின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய், மெஷின் பக்கத்தில் நின்று, "இதை என்னன்னு சொல்லுவிய?" என்று கேட்டு எழுது.

அடுத்தது, ஏட்டில் ஏறாத எழுத்து. ஒரு கட்டடத்தில் மெயின் பேனல் கதவைத் திறந்தால் உள்பக்கம் சாக்பீஸால் மூன்று எண்: சிவப்பு 42, மஞ்சள் 58, நீலம் 39. அதற்குக் கீழே, '5 மணி டு 7 மணி கீசர், மோட்டார் போடாதே'. எழுதியது அங்கே 20 வருஷமாக இருந்த ஆபரேட்டர். மூன்று பேஸ் மின்கம்பியிலும் ஓடுகிற ஆம்பியர், அதாவது மின்னோட்டம், அது. மஞ்சளில் லோடு கூடுதல், கீசர் எல்லாம் அதில்தான். கீசர் ஓடும்போது மோட்டாரும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். நாங்கள் ஒன்பது கட்டடத்தின் பேனலுக்கும் ஒரே சாம்பல் நிறம் அடித்தோம். சாக்பீஸ் எழுத்தும் போயிற்று. ஆபரேட்டரை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தோம். பதினைந்து நாளில் மூன்று தடவை மெயின் விழுந்தது. பேனல் கம்பெனி ஆட்களைச் சென்னையில் இருந்து வரவழைத்து, செலவழித்து, கடைசியில் அந்த ஆபரேட்டருக்கே போன் போட்டேன். "சார், கதவுக்குப் பின்னால எழுதியிருக்கனே, பாக்கலியா?" என்றார்.

ஆளை மாற்றும் முன், அட்டவணையை மாற்றும் முன், பெயின்ட் அடிக்கும் முன், அந்தக் கதவைத் திறந்து படிக்கணும். தென்காசியில் உனக்கு அண்ணாச்சிதான் அந்தக் கதவு. ஹாலில் வைத்துக் கேட்டால் சொல்லமாட்டார், எத்தனை சாப்பாடு போட்டாலும். அவரோடு ஒரு முழு நாள் சுற்று. காலை மோட்டார் போடுகிற நேரத்தில் இருந்து சாயங்காலம் கேட்டைப் பூட்டுகிறது வரைக்கும். நோட்டை மட்டும் எடுத்துப் போ, லேப்டாப் வேண்டாம்.

அட்டவணைக்கு வருகிறேன். என்ன வேலை, எப்படிச் செய்யணும், எந்த அளவு இருந்தால் சரி, இதைப் பாளையில் இருந்து சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எப்போது என்பதை அந்தந்த ஊரின் காற்றும் மழையும்தான் சொல்லணும். தென்காசியில் வடிகாலும் வெளிப்பக்க சுவிட்சுகளும் வைகாசிக்குள் முடியணும். வள்ளியூர்ப் பக்கம் ஆடிக் காத்து, பணகுடி வரைக்கும் காற்றாலை நிற்கிற இடம். அங்கே சைக்கிள் ஷெட், சமையல்கூடத் தகர ஷீட்டின் போல்ட்டை எல்லாம் அதற்கு முந்தியே முறுக்கிப் பார்த்துவிடணும். திசையன்விளையில் உப்புத் தண்ணீர், குடிதண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ மெம்பிரேன் பாளைக்கு ஓடுகிற காலம் அங்கே ஓடாது, அதே தேதியைப் போட்டால் ஏமாந்துபோவாய். அம்பையில் கார்த்திகையில் ஆற்றில் கலங்கல் வரும், பில்டர் மணலை அதற்கு முன் கழுவணும். பாளைக்கு வடிகால் சுத்தம் புரட்டாசியில். வளாகத்துக்கு ஒருவராக ஆறு பேரையும் உட்காரவைத்து தமிழ் மாதம் போட்ட காலண்டரில் அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்.

இனி அதிகாரம். இதை நான் 2023 டிசம்பரில் கற்றுக்கொண்டேன். 17, 18 தேதிகளில் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு சுமார் 800 பேர் தவித்தார்கள். எங்கள் கட்டடம் ஒன்று ஆற்றுக்குப் பக்கத்தில். டீசல் வாங்க மையத்தின் அனுமதி வேண்டும் என்று நாங்கள் விதி போட்டிருந்தோம், திருட்டைத் தடுக்க. 17ஆம் தேதி மதியத்துக்கு மேல் போன் கிடைக்கவில்லை. அங்கிருந்த ஆபரேட்டர் தன் கைக்காசு ஐயாயிரத்துச் சொச்சம் போட்டு 60 லிட்டர் டீசலைக் கேனில் வாங்கி, ரோட்டில் தண்ணீர் ஏறும் முன்னே தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். ஐசியூவில் ஏழு பேர் இருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் கொடுத்த பில்லை, முன் அனுமதி இல்லை என்று எங்கள் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. திருப்பி அனுப்பிய தாளில் என் கையெழுத்தும் இருந்தது. கட்டுக்கட்டாக வந்ததில் பார்க்காமல் போட்டுவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாசத்தில் இருந்து ஒவ்வொரு கட்டடத்திலும் 10,000 ரூபாய் கையிருப்பு, 100 லிட்டர் டீசல், செலவழித்த பிறகு சொன்னால் போதும். சாவிக்கொத்தில் ஒன்று எப்போதும் அந்த ஊரிலேயே இருக்கணும்.

ஸ்டோர் தம்பி சொன்னதில் பாதி சரி. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே வழியில் போகட்டும், அதில் கண்டிப்பு வேண்டும். ஆனால் போனில் சொன்ன புகாரை எடுக்காமல் விட்டால் அடிபடுவது விடுதிப் பிள்ளை. போனில் வந்தால் வாங்கிக்கொண்டு, எடுத்தவரே ஆப்பில் பதியட்டும். நாங்கள் பத்து மாசம் அப்படி ஓட்டினோம். அதன்பிறகு போன் தானாகக் குறைந்தது.

சங்கரன்கோவில் அக்கா எழுதியது:

நான் ஒரு துணிக்கடைக் குழுமத்தில் துப்புரவு மேற்பார்வை. எங்களுக்கும் மூணு ஊர்.

மேலே எல்லாரும் மோட்டாரையும் பேனலையும் பத்தியே பேசுறீங்க. 61 பேர்ல துப்புரவுப் பொம்பளைங்க எத்தனை பேர் தங்கச்சி? அவங்களுக்கு நேரம் மாத்தினீங்களா? எங்க இடத்துல மூணு ஊருக்கும் காலை 6 மணின்னு ஒரே நேரம் வெச்சாங்க. எங்க பிள்ளைங்க வர்ற கிராமத்துல இருந்து முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். முப்பது நாளும் தாமதம்னு விழுந்துச்சு. ரெண்டு பேர் வேலையை விட்டுட்டுப் பீடி சுத்தப் போயிட்டாங்க, ரெண்டு பேருமே கைவேகம் உள்ள ஆளுங்க. அரை மணி நேரம் தள்ளிப் போட்டா முடிஞ்சிருக்கும்.

எழுத வராதவங்களுக்குக் குரல்ல பேசி அனுப்புற மாதிரி ஆப்பை வெச்சுக் குடுங்க. எங்க ஆளுங்க இப்போ போட்டோ எடுத்து, "அக்கா, ரெண்டாவது மாடி பாத்ரூம்ல ஒழுவுது"ன்னு பேசி அனுப்பிருவாங்க.

இன்னொண்ணு. நீங்க போய் நூறு தடவை சொல்றதை விட, நல்லா நடக்குற ஊருக்கு மத்த ஊர் ஆளை ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. கழிப்பறைக்குச் சிவப்பு மாப், மத்த இடத்துக்கு நீலம்னு வந்தப்போ கோவில்பட்டிக் கடைப் பொம்பளைங்க காதுலயே போட்டுக்கல. அவங்களை ஒரு நாள் எங்க கடைக்குக் கூட்டிட்டு வந்தோம். இங்க வயசுல மூத்தவங்க ஒருத்தங்க, "இதே துணியால உன் வீட்டு அடுக்களையைத் துடைப்பியாட்டீ?"ன்னு கேட்டாங்க. அன்னைல இருந்து சிவப்பு சிவப்புதான்.

பாளைப் பராமரிப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதவில்லை, போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வள்ளியூர் அண்ணன் சொன்னதுதான் முதலில் சுட்டது. புகார் எண்ணிக்கையை மாசா மாசம் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் நானே வாசித்திருக்கிறேன். நிறுத்திவிட்டேன். இனி எத்தனை புகார் வந்தது என்று கேட்கமாட்டோம், வந்ததில் எத்தனை முடிந்தது என்றுதான் கேட்போம். வளாகத்துக்கு ஒரு போனும் ரீசார்ஜும் கேட்டு எழுதிக் கொடுத்தேன், இப்போதைக்கு மூன்று வளாகத்துக்கு அனுமதி வந்திருக்கிறது.

கான்ட்ராக்ட் பயம் உண்மைதான். நிர்வாகத்திடம் போய் நேராகக் கேட்டேன். இப்போது இருக்கிற யாரையும் கான்ட்ராக்டுக்கு மாற்றப்போவதில்லை என்று செயலாளர் கையெழுத்திட்ட கடிதம் வாங்க ஒன்பது நாள் ஆனது. சும்மா கடிதத்தை ஒட்டினால் நம்பமாட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் கிராஜுவிட்டிக் கணக்கைத் தனித்தாளில் போட்டேன். கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கணும். அம்பை பிளம்பருக்கு 18,000 ரூபாய், 14 வருஷம், 1,45,385 வந்தது. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், திரும்ப எடுத்துப் பார்த்தார். "இதெல்லாம் நமக்கு உண்டா மேடம்?" என்று கேட்டார். 14 வருஷமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் அம்பையில் இருந்து 6 புகார் வந்தது, எல்லாம் அவர் பதிந்தது.

அக்கா, துப்புரவில் 27 பெண்கள். நேரம் மாற்றியிருந்தோம். திசையன்விளையில் நாலு பேருக்கு உங்கள் ஊர்க் கதைதான். பழைய நேரத்துக்கே விட்டாயிற்று.

பொருநைக்கரை அண்ணாச்சி, நேற்று தென்காசிக்குப் போனேன், நோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு. காலை ஐந்தரைக்கு மோட்டார் ரூமில் இருந்து ஆரம்பித்தோம். முதல் இரண்டு மணி நேரம் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மொட்டைமாடிக்கு ஏறினதும் தானாகப் பேச ஆரம்பித்தார். வடிகால் வாய் மொத்தம் 9. என் வரைபடத்தில் 7தான் இருக்கிறது. இரண்டை அவரே 2011ல் கொத்தனாரை வைத்துப் போட்டிருக்கிறார், மேற்குப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று. ஒவ்வொன்றின் வாயிலும் பழைய மின்விசிறிக் கூண்டுக் கம்பியை வளைத்து வலை மாதிரி மாட்டியிருந்தார். பந்து அடைத்த வாயில் மட்டும் அது இல்லை. ஏப்ரலில் பெயின்ட் வேலைக்கு வந்தவர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்களாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் தேடி எடுத்துவந்து, என் கண் முன்னாலேயே திரும்ப மாட்டினார்.

இறங்கும்போது, "சீட்டுல எப்பம்னு போடப்போறிய?" என்றார். நீங்களே எழுதுங்க என்று நோட்டைக் கொடுத்தேன். 'வைகாசி 20க்குள்' என்று எழுதி, யோசித்து, அதற்குக் கீழே 'ஐப்பசி முதல் வாரம் இன்னொரு தடவை' என்றும் எழுதினார். சனிக்கிழமை வள்ளியூருக்குப் போகிறேன்.